பனிவண்டுகளை ஊருக்குக் கொண்டுவந்த வருஷம்

நான் பிரான்சிலிருந்து திரும்பியபோது என்னோடு வந்தவை ஒரு துணிப்பெட்டி, ஒரு ரசாயனத் தராசு, அறுபது உயிருள்ள வண்டுகள். முப்பதுகளின் நடுப்பகுதி, டிசம்பர் மாதம். கப்பல் கரைவரை வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் இறங்கிக் கடற்பாலத்துக்கு வர வேண்டும். படகுக்காரர் குருசுக்குப்பத்து ஆள். நான் மடியில் அணைத்து வைத்திருந்த மரப்பெட்டியைப் பார்த்து, "உள்ள இன்னா முசே, சுரூபமா?" என்று கேட்டார். சாமி சிலை இல்லை, வண்டு என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு துடுப்புப் போட்டார்.

பாலத்தின் மேல் அக்காவும் மாமாவும் நின்றிருந்தார்கள். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அதன் பிறகு என்னைக் குளிப்பாட்டியதும் மாதா கோயில் பூசைக்குக் கூட்டிப்போனதும் பள்ளிக்கு அனுப்பியதும் அவள்தான். மாமா, அவள் புருஷன், பஞ்சாலையில் பிட்டர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மாமாதான் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். அக்கா நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறாள், சாப்பாட்டில் குறைவில்லை, என்னவென்று தெரியவில்லை, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ என்று எழுதியிருந்தார்.

"இன்னாக்கா இப்பிடி ஆயிட்டே?" என்றேன்.

"ஒரு மாசம் கப்பல்ல வந்தவன் நீ. இளைச்சவ நானா?" என்று சிரித்து என் கன்னத்தைப் பிடித்தாள். கை ஈரமாக இருந்தது. கண்கள் எதற்கோ திடுக்கிட்டவள் போல விரிந்திருந்தன. வெயிலில் காத்திருந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். உயிர்களின் உடம்பைப் பற்றி ஆறு வருஷம் படித்தவன் நான்.

வண்டுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவை கறுப்பு வண்டுகள், சுண்டுவிரல் நகம் அளவு, பறக்காதவை. உயர்ந்த மலைகளில் கோடையிலும் கரையாத பனித்திட்டுகளின் ஓரத்தில், கற்களுக்கு அடியில் இருக்கும். பொழுது சாய்ந்து குளிர் ஏறிய பிறகு வெளியே வந்து பனியின் மேலேயே நடந்து, காற்று கொண்டுவந்து போட்ட செத்த பூச்சிகளைத் தின்னும். நம் தண்ணீர் உறைகிற குளிரில் அவை சாதாரணமாக உலவும். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் நம் கைச்சூட்டிலேயே செத்துப்போகும்.

அவற்றின் உடம்புக்குள் எவ்வளவு வேகத்தில் எரிகிறது, குளிர் கூடினால் அது எவ்வளவு தணிகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பள்ளிப் புத்தகத்தில் இன்று அதற்கு வளர்சிதை மாற்றம் என்று பெயர். அன்று எனக்கு அதற்குத் தமிழ் வார்த்தை தெரியாது. ஒரு பூச்சியின் உடம்பு சுற்றியுள்ள காற்றின் சூட்டைத்தான் தன் சூடாக வைத்துக்கொள்ளும். பத்து டிகிரி சூடு ஏறினால் அது மூச்சு வாங்குவது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அப்படியானால் பனியில் வாழும் வண்டு எப்போதும் மந்தமாகத்தான் கிடக்க வேண்டும். ஆனால் அது நடக்கிறது, தின்கிறது, முட்டை போடுகிறது. குளிர்நாட்டு வண்டின் அடுப்பே வேறுமாதிரி மூட்டப்பட்டதா? இதைத் தெரிந்துகொள்ள ஒரு வெப்பநாட்டு வண்டையும் அதே குளிரில் வைத்து அளந்து பார்க்க வேண்டும். ஊருக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னதும் என் பேராசிரியர் யோசித்துவிட்டு, "வண்டுகளையும் கொண்டுபோங்கள். வெப்பநாட்டு வண்டு அங்கே கிடைக்குமே" என்றார். கப்பலில் இறைச்சி வைக்கும் குளிரறையில் ஆட்டுத்தொடைகளுக்கு நடுவே அவை பயணம் செய்தன.

வீட்டின் பின்னறையை மாமா எனக்காக ஒழித்துக்கொடுத்தார். ஆலையில் மீந்த துத்தநாகத் தகட்டை அடித்து, நடுவில் மரத்தூள் அடைத்து, ஒரு பெரிய ஐஸ் பெட்டியை அவரே செய்தார். ரயிலடிப் பக்கம் இருந்த ஐஸ் கம்பெனியிலிருந்து காலையில் ஒரு பாளம், சாயங்காலம் ஒரு பாளம், சாக்கில் சுற்றிக் கைவண்டியில் வரும். வீட்டில் மின்சாரக் குளிர்பெட்டி வைத்திருந்தவர்கள் அன்றைக்கு ஊரில் ஓரிருவர்தான். அவர்கள் வீட்டுக்கு வண்டுகளோடு போய் நிற்கக்கூடிய ஆள் நான் இல்லை.

அளக்கும் கருவி எளிமையானது. கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு வண்டு. அது விடுகிற கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளக் கொஞ்சம் சோடாக்காரம். குப்பியின் வாயில் முடி நுழைகிற அளவு துளையுள்ள கண்ணாடிக் குழாய், அதற்குள் சிவப்புச் சாயம் போட்ட ஒரு சொட்டு மண்ணெண்ணெய். வண்டு காற்றை இழுக்க இழுக்கச் சொட்டு குப்பியை நோக்கி நகரும். கடிகாரத்தையும் அளவுகோலையும் பார்த்து எழுத வேண்டியதுதான் வேலை.

முதல் வாரத்திலிருந்தே அக்கா அந்த அறையில் வந்து உட்கார ஆரம்பித்தாள். மார்கழிக் காலை. தெருவில் ஆட்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அவளோ ஐஸ் பெட்டியின் தகட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இங்கதான் மூச்சு வுட முடியுது" என்பாள். இராத்திரியில் வெறும் சிமெண்டுத் தரையில் ஈரச்சேலையோடு படுப்பதாக மாமா சொன்னார். சாப்பாடு இரண்டு ஆள் சாப்பாடு. தின்றது எங்கே போகிறது என்று தெரியவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

வண்டுகளுக்குத் தீனி போடும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். வைத்திக்குப்பத்தில் இறால் வாங்கி, மணி அளவு துண்டுகளாக நறுக்கி வைப்பாள். "இவ்ளோண்டு தின்னுட்டு எப்பிடிடா உசுரோட இருக்குதுங்க?" என்று கேட்டாள்.

"குளிர்ல உடம்புக்குள்ள எரியறது கம்மிக்கா. கம்மியா எரிஞ்சா கம்மியாத் தின்னாப் போதும். குளிர்காலம் பூரா தின்னாமக்கூட கெடக்கும்."

"குடுத்து வச்சதுங்க" என்றாள்.

தட்டாஞ்சாவடிப் பக்கத்து வயல்வரப்பில் அதே அளவுள்ள கறுப்பு வண்டுகளைப் பிடித்துவந்தேன். ஐஸ் குளிரில் வைத்தால் அவை காலை மடக்கிக்கொண்டு கூழாங்கல் மாதிரிக் கிடந்தன. சொட்டு அசையவே இல்லை. பக்கத்துக் குப்பியில் மலைவண்டு கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நடந்தது. அதன் சொட்டு மெதுவாக, ஆனால் நிற்காமல் நகர்ந்தது. அன்று நான் அடைந்த சந்தோஷத்தை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் எதிர்பார்த்த விடை கண்ணெதிரே நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா அளவுகோலைப் படித்துச் சொல்ல, நான் எழுதினேன். குழாயைப் பிடிக்கச் சொன்னால் அவளால் முடியாது. கை நடுங்கும்.

ஜனவரிக் கடைசியில் ஒருநாள் சூட்டில் அளக்க வேண்டிய முறை வந்தது. ஒரு மலைவண்டின் குப்பியை வெளியே எடுத்து அறையின் சூட்டிலேயே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சொட்டு ஓட ஆரம்பித்தது. வண்டு குப்பிக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. ஏறி விழுந்தது, மறுபடி ஓடியது. எடுத்துத் தீனி வைத்தேன். அவசர அவசரமாகத் தின்றது. மறுபடி ஓடியது. சாயங்காலம் எடை போட்டபோது குறைந்திருந்தது. விளக்கு ஏற்றுவதற்குள் மல்லாந்துவிட்டது.

அக்கா நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தின்னுச்சே. அப்புறம் ஏன் செத்துச்சு?"

"தின்னதைவிட எரிஞ்சது ஜாஸ்திக்கா."

"எனக்கும் இப்பிடித்தான் இருக்குது" என்றாள். "உக்காந்திருந்தாலும் ஓடறாப்பல இருக்குது தம்பி. நெஞ்சு ஓடுது."

நான் சிரித்தேன். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சும்மா உட்கார்ந்திருந்தவளின் நாடி நிமிஷத்துக்கு நூற்று முப்பதைத் தாண்டியது. விளக்கைக் கிட்டே கொண்டுவந்து கழுத்தைப் பார்த்தேன். முன்பக்கம், எச்சில் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கும் ஒரு சிறிய புடைப்பு. ஒன்றரை மாதம் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து பூச்சிகளின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனோம். எங்கள் ஊர்க்காரர்தான், பிரான்சில் படித்தவர். அக்காவின் கைகளை நேராக நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று ஆடியது. அவர் மேற்கொண்டு அதிகம் பார்க்கவில்லை. அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்களிடம் சொன்னார்: கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கிறது, உடம்பு தன்னையே எரித்துக்கொண்டிருக்கிறது, இதயம்தான் முதலில் களைத்துப்போகும்.

"அயோடின் சொட்டு தர்றேன், பால்ல போட்டுக் குடுங்க. பதினஞ்சு நாள்ல நல்லா ஆயிடுவாங்க. அப்ப ஏமாந்துடாதீங்க. அது கொஞ்ச நாளைக்குத்தான். அந்த நேரத்துக்குள்ள மெட்ராஸ் கூட்டினு போயி ஆபரேஷன் பண்ணிடணும். தள்ளிப் போட்டா அப்புறம் மருந்து கேக்காது."

பிரான்சில் நோயாளியின் மூச்சை அளந்து இந்த நோயின் தீவிரத்தைக் கணக்கிடும் கருவி உண்டு, என்னால் அதைச் செய்ய முடியும், செய்யட்டுமா என்று கேட்டேன்.

அவர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார். "செய்யலாம். ஒரு எண்ணு வரும். அதை வச்சுக்கினு இன்னா பண்ணப் போறோம்?"

அயோடின் வேலை செய்தது. பிப்ரவரி பாதியில் அக்கா வேறு ஆளாக இருந்தாள். நாடி இறங்கியது, கை நடுக்கம் நின்றது, கன்னத்தில் சதை பிடித்தது. கண்ணாடிக் குழாயைத் தானே பிடித்துச் சொட்டை உள்ளே விட்டாள். ஒரு சாயங்காலம் மாமா ஆலையிலிருந்து வரும்போது அவள் நடுவீட்டில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போய் நெடுநேரம் வரவில்லை.

டாக்டர் சென்னைக்குக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். அதை மேசைமேல் வைத்து மூவரும் பேசினோம்.

"கழுத்தை அறுக்கறதுன்றாங்க. நல்லா இருக்கறவளை எதுக்கு அறுக்கணும்?" என்றார் மாமா.

"மருந்து ரொம்ப நாள் தாங்காது மாமா. டாக்டர் சொன்னாரில்ல."

"பாஸ்கு முடியட்டும்" என்றாள் அக்கா. பாஸ்கு என்று நாங்கள் சொல்வது ஈஸ்டரை, அதற்கு முந்திய நாற்பது நாள் நோன்புதான் தவசு காலம். "தவசு காலத்துல ஆஸ்பத்திரில போயிப் படுத்துக்கினு இருக்கணுமா? பாஸ்கு முடிஞ்ச மறுநாள் நானே ரயிலேறி உக்காந்துக்கறேன். போதுமா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் படித்தவன் நான். கடைசி அளவுகள் முடிய எனக்கு இன்னும் ஏழு வாரம் தேவைப்பட்டது. அக்காவோடு சென்னைக்குப் போனால் ஐஸ் மாற்ற ஆள் இல்லை. வண்டுகள் நான்கு நாள் தாங்காது. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. "சரி" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைப் பற்றி நான் யோசிக்காத வருஷம் இல்லை.

பங்குனி பாதியில் வெயில் ஏறியது. அக்காவின் நாடியும் ஏறியது. மருந்துச் சொட்டைக் கூட்டிக் கொடுத்தோம். இரண்டு நாள் தணிந்தது போல இருந்து, முன்னைவிட அதிகமாக வந்தது. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் பாதிக்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்றார்.

"இன்னைக்கே மெட்ராஸ் கூட்டினு போறேன்" என்றார் மாமா.

"இந்த வெயில்ல, இந்த நெஞ்சோட ரயில்ல ஏத்தினா வழியிலயே உசுரு போயிடும். கொஞ்சம் அடங்கட்டும், பாக்கலாம். அசைக்காதீங்க. ஜில்லுனு வச்சிருங்க."

அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. மேசைமேல் பிரிக்காமல் கிடந்த தன் கடிதத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அக்காவின் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினோம். வந்த ஐஸில் பாதி வண்டுகளுக்கு, பாதி அவளுக்கு. துணியில் கட்டி நெற்றியிலும் கழுத்திலும் வைப்போம். பாஸ்கு முடிந்த இரண்டாம் வாரம் ஐஸ் கம்பெனியில் இயந்திரத்தின் தண்டு முறிந்தது. புதுத் தண்டு வெளியூரிலிருந்து வர வேண்டும். எப்போது வரும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

மாமா முறிந்த தண்டை வாங்கிக்கொண்டு ஆலைப் பட்டறைக்குப் போனார். இரண்டு நாள், தன் வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம், இரும்பைக் காய்ச்சி அடித்து அதே அளவில் ஒன்று செய்தார். உள்ளங்கை முழுதும் கொப்புளம். அதைப் பூட்டினார்கள். இயந்திரம் அரைநாள் ஓடியது. பிறகு அவர் செய்த தண்டிலும் விரிசல் விட்டது. அந்த அரைநாளில் உறைந்தது கொஞ்சம்தான். அதில் ஒரு பாளத்தை அவருக்குக் கொடுத்தார்கள். தோளில் சுமந்து ஓடிவந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பாளம் ஏற்கெனவே ஓரங்கள் கரைந்து உருண்டிருந்தது.

"எடு மச்சான்" என்று என் முன்னால் வைத்தார்.

ஐஸ் பெட்டியில் அப்போது முப்பத்திரண்டு வண்டுகள் இருந்தன. உள்ளே வெறும் தண்ணீர். அவை ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தன. துத்தநாகத்தில் கால்கள் உரசும் சத்தம் வெளியே கேட்டது. யோசிக்காமல் அக்காவிடம் கொண்டுபோனேன் என்று எழுத ஆசைதான். யோசித்தேன். ஒரு மூலையை மட்டும் உடைத்துப் பெட்டியில் போடலாமா என்று சுத்தியலோடு நின்றேன். மாமா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழுவதையும் நொறுக்கித் துணியில் கட்டினேன்.

அது ஒரு சாயங்காலத்துக்குத்தான் வந்தது.

வண்டுகள் மறுநாளும் அதற்கு மறுநாளுமாகச் செத்தன. முதல் சிலவற்றை எடை போட்டு எழுதினேன். பிறகு எழுதவில்லை. அவற்றின் ஓட்டத்தை நிறுத்தவும் முடியாது, தின்னக் கொடுத்தும் பயனில்லை. மூடியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

"உன் வண்டுங்க எப்பிடி இருக்குது?" என்று அக்கா கேட்டாள். பேசுவதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இருக்குதுக்கா."

"பொய் சொல்ல வரலடா உனக்கு." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். "அதுங்க ஊர்லயே வுட்டிருக்கலாம்."

ஐஸ் இல்லாத நாட்களில் கிணற்றுத் தண்ணீரில் துணி நனைத்துப் போட்டோம். போட்ட வேகத்தில் காய்ந்தது. விசிறியை மாமாவும் நானும் மாற்றி மாற்றிப் பிடித்தோம். அவள் உடம்பின் சூடு கட்டிலின் சட்டத்தில் கை வைத்தாலே தெரிந்தது. மரச்சட்டம் அவள் துடிப்புக்கு ஆடியது. அவளுக்குப் பசித்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கஞ்சி கேட்டாள், பால் கேட்டாள், முட்டை கேட்டாள். கொடுத்ததையெல்லாம் குடித்தாள். என்ன நடக்கிறது என்று எனக்கு ஒவ்வொரு படியாகத் தெரியும். எந்தப் படியிலும் கைவைக்க என்னால் முடியவில்லை. தெரியாத மாமா விசிறிக்கொண்டும் செபித்துக்கொண்டும் இருந்தார். அவரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

மே மாதம் முதல் வாரத்தில் பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து, பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்து ஓய்ந்த சமயம், அக்கா தண்ணீர் கேட்டாள். மாமா செம்பை எடுக்கத் திரும்பினார். நாடியைப் பிடித்திருந்த என் விரலுக்குக் கீழே அது மிக வேகமாக, நூல் போல ஓடி, இரண்டு முறை தடுக்கி, நின்றுவிட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நின்ற பிறகும் கொஞ்சம் எண்ணினேன்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

ஐஸ் கம்பெனிக்குத் தண்டு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. கைவண்டிக்காரர் ஒருநாள் காலை வழக்கம்போல ஒரு பாளத்தை வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். யாரும் அதை உள்ளே எடுக்கவில்லை.

பேராசிரியருக்கு எழுதினேன். வருத்தம் தெரிவித்து, இருக்கிற அளவுகளே முக்கியமானவை, திரும்பி வந்து எழுதி முடியுங்கள் என்று பதில் போட்டார். நல்ல மனிதர். நான் போகவில்லை. நோட்டுப் புத்தகங்களைத் திறந்தால் பாதிப் பக்கங்களில் அவள் படித்துச் சொன்ன எண்கள். ஊரிலேயே ஒரு பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். பிற்காலத்தில் வேறு நாடுகளில் வேறு ஆட்கள் இதே கேள்வியை எடுத்து வேலை செய்தார்கள் என்று படித்தேன். நல்லது.

மாமா மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் அவரும் அதே வீட்டில் பதினோரு வருஷம் இருந்தோம். அவர் சமைப்பார், நான் பாத்திரம் கழுவுவேன். அக்காவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அவள் சின்ன வயசுக் கதைகளாகவே பேசிக்கொள்வோம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்துவந்து சாப்பிட உட்கார்ந்தபோது, அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாஸ்கு வரிக்கும் தாங்காதுன்னு உனக்குத் தெரியுமா மச்சான், அப்போ?"

"தெரியும்னுதான் நெனைக்கறேன். டாக்டர் சொன்னதை அன்னைக்கு நானும் சொன்னேனே மாமா."

"சொன்னே. ஒரு தபா சொன்னே."

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. மீன் சட்டியை என் பக்கம் நகர்த்தி, "தலையை நீ எடுத்துக்கோ" என்றார். எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம்.